மேடையில் ஏறுபவர் யார் வீட்டுப் பிள்ளை?

2009 ஏப்ரல் 19. பிலிப்பைன்ஸ் நாட்டின் கேசான் நகரில் உள்ள அரனேட்டா கொலிசியம் அரங்கில் அடுத்தடுத்து இரண்டு உலகப் பட்டக் குத்துச்சண்டைகள் நடந்தன. ஒன்றில் நோனிட்டோ டொனேர், அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வந்த ராவுல் மார்ட்டினெஸை நான்காவது சுற்றிலேயே வீழ்த்தித் தன் பட்டத்தைக் காத்துக்கொண்டார். இன்னொன்றில் பிரையன் விலோரியா, மெக்சிகோவின் உலிசஸ் சோலிஸைப் பதினோராவது சுற்றில் சாய்த்துப் பட்டத்தைப் பறித்தார். பிலிப்பைன்ஸ் இருவரையும் தன் பிள்ளைகள் என்றே கொண்டாடியது.

அதே இருவரும் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவரோடு ஒருவர் மோதியிருக்கிறார்கள். எதற்காகத் தெரியுமா? 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இடம் பிடிக்க. அந்தத் தேர்வுப் போட்டியில் டொனேர் தோற்றார். வென்ற விலோரியா அமெரிக்கச் சீருடையில் சிட்னிக்குப் போனார்.

அப்படியானால் இவர்கள் எந்த நாட்டுக்காரர்கள்? அமெரிக்கக் கொடியின் கீழ் ஆடியவரை மணிலாவில் இருக்கும் ரசிகர் ‘நம்மவர்’ என்று சொல்வது சரியா? குத்துச்சண்டை பார்க்கத் தொடங்கும் பலருக்கும் வரும் குழப்பம் இது. இதில் சட்டம், விளையாட்டு விதி, ரசிகர் மனம் என்று மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், இவர்கள் யார்?

டொனேர் 1982-இல் பிலிப்பைன்ஸின் போஹோல் தீவில் தாலிபோன் என்ற ஊரில் பிறந்தவர். பிள்ளைப் பருவம் ஜெனரல் சாண்டோஸ் நகரில் கழிந்தது. மேனி பாக்கியாவ் என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும் அல்லவா? அவர் வளர்ந்ததும் அதே நகரத்தில்தான். டொனேரின் குடும்பம் பிறகு கலிஃபோர்னியாவின் சான் லியாண்ட்ரோவில் குடியேறியது. அண்ணன் கிளெனைப் பார்த்துத்தான் அவர் கையுறை மாட்டினார். அதாவது, பிறப்பு பிலிப்பைன்ஸில், பயிற்சி அமெரிக்காவில்.

விலோரியாவின் கதை தலைகீழ். அவர் 1980-இல் ஹவாயில் வைப்பாஹு என்ற ஊரில் பிறந்தார். அது கரும்புத் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர். 1906 முதல் ஹவாய்த் தோட்டங்களில் வேலை செய்யப் பிலிப்பைன்ஸிலிருந்து, குறிப்பாக வடக்கே உள்ள இலோகோஸ் பகுதியிலிருந்து, ஆட்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். விலோரியாவின் பெற்றோருக்கும் இலோகோஸ்தான் பூர்வீகம். சிறுவயதில் சில ஆண்டுகள் அவரும் அங்கே வளர்ந்தார். ஆனால் குத்துச்சண்டை உலகில் அவருக்கு அமைந்த பட்டப்பெயர் ஹவாயின் பெயரைத் தாங்கியது. டொனேரின் பட்டப்பெயரோ ‘பிலிப்பைன்ஸ் மின்னல்’ என்று பொருள்படும்.

ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு நாடுகளின் குடிமகனாக இருக்க முடியுமா?

முடியும், இரண்டு நாடுகளின் சட்டமும் இடம் கொடுத்தால். இதைத்தான் இரட்டைக் குடியுரிமை (இரு நாடுகளும் ஒருவரைத் தம் குடிமகன் என்று ஏற்பது) என்கிறோம். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கர். பிலிப்பைன்ஸ் மண்ணைப் பார்ப்பதில்லை, இரத்த உறவைப் பார்க்கிறது. குழந்தை பிறக்கும்போது தாயோ தந்தையோ பிலிப்பைன்ஸ் குடிமக்களாக இருந்தால் குழந்தையும் அந்த நாட்டின் குடிமகன்தான். ஆகவே பிலிப்பைன்ஸ் குடியுரிமையை விட்டுவிடாத பெற்றோருக்கு ஹவாயில் பிறக்கும் குழந்தை, எந்த விண்ணப்பமும் போடாமலே இரண்டு நாடுகளுக்கும் சொந்தமாகிவிடுகிறது.

பிலிப்பைன்ஸில் பிறந்து, அமெரிக்கா போய், அங்கே குடியுரிமை வாங்கியவர் நிலை? 2003 வரை அவர் பழைய குடியுரிமையை இழந்துவிடுவார். அந்த ஆண்டு வந்த குடியரசுச் சட்டம் எண் 9225 இதை மாற்றியது. அவர் ஒரு உறுதிமொழி எடுத்தால் போதும், பிலிப்பைன்ஸ் குடியுரிமை திரும்பக் கிடைக்கும். நிலம் வாங்கலாம், சில நிபந்தனைகளோடு வாக்களிக்கலாம், விசா இல்லாமல் வந்து போகலாம். ஆனால் தேர்தலில் நிற்க வேண்டுமானால் வெளிநாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

ஏன் இந்தத் தாராளம்? வெளிநாடுகளில் ஏறத்தாழ ஒரு கோடி பிலிப்பைன்ஸ் மக்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் 40 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் ஆண்டுக்கு 3,000 கோடி டாலரைத் தாண்டுகிறது. கிட்டத்தட்ட எல்லாத் தெருவிலும் யாரோ ஒருவர் கடல் தாண்டிப் போயிருக்கும் நாடு அது. போனவர்களை அந்நியர் என்று தள்ளி வைத்தால் ஒவ்வொரு குடும்பமும் பாதியாகும். ஊருக்குத் திரும்பி வருபவரை அவர்கள் ‘பாலிக்பாயான்’ (ஊர் திரும்பியவர்) என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கென்று அரசாங்கமே தனிச் சலுகைகள் வைத்திருக்கிறது.

பெண் பிள்ளைக்குப் பிறந்த வீடும் உண்டு, புகுந்த வீடும் உண்டு. புகுந்த வீட்டில் அவள் சமைக்கிறாள், உழைக்கிறாள் என்பதற்காகப் பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் நின்றுவிடுகிறதா? பிலிப்பைன்ஸின் சட்டத்தை இப்படிப் புரிந்துகொண்டால் சுலபம்.

சரி, விளையாட்டு விதி என்ன சொல்கிறது?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒலிம்பிக் ஒரு வகை, தொழில்முறைக் குத்துச்சண்டை (பணத்துக்காக, ஒப்பந்தம் போட்டு ஆடுவது) வேறு வகை.

ஒலிம்பிக்கில் வீரரை அனுப்புவது நாடு. எந்த நாட்டுக்கு ஆடுகிறாரோ அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். இரண்டு குடியுரிமை உள்ளவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நாட்டுக்கு ஆடிய பிறகு இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால் பொதுவாக மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அமைப்புகள் ஒத்துக்கொண்டால் அந்தக் காலத்தைக் குறைக்கலாம். விலோரியா 1999-இல் ஹூஸ்டனில் நடந்த உலக அமெச்சூர் போட்டியில் தங்கம் வென்றது அமெரிக்காவுக்காக. சிட்னியில் பிரான்ஸின் பிராஹிம் அஸ்லூமிடம் தோற்றபோதும் அவர் அமெரிக்கர்தான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

தொழில்முறையில் நாடு யாரையும் அனுப்புவதில்லை. ஒரு வீரர், அவருடைய பயிற்சியாளர், போட்டியை ஏற்பாடு செய்யும் நிறுவனம், பட்டம் தரும் அமைப்பு, அவ்வளவுதான். உலகக் குத்துச்சண்டைக் கழகம், கவுன்சில், கூட்டமைப்பு, அமைப்பு என்று நான்கு பெரிய சங்கங்கள் தனித்தனியே பட்டம் தருகின்றன. கால்சட்டையில் எந்தக் கொடியைத் தைப்பது, எந்தப் பாட்டோடு மேடைக்கு நடந்து வருவது, தன்னை எந்த ஊர்க்காரர் என்று அறிவிக்கச் சொல்வது எல்லாம் பெரும்பாலும் வீரர் விருப்பம். பிறந்த ஊர், வாழும் ஊர் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆகவே டொனேர் பிலிப்பைன்ஸ் கொடியோடு வந்தால் அது அந்நாட்டு அரசு கொடுத்த பொறுப்பல்ல. நான் இவர்களுடையவன் என்று அவராகச் சொல்லும் சொல். யாரும் கட்டாயப்படுத்தாமல் வரும் சொல் என்பதால் அதற்கு மதிப்பு கூடுதல் என்று நான் நினைக்கிறேன்.

இவ்வளவு உணர்ச்சி குத்துச்சண்டையில் ஏன் வந்தது?

இதற்கு நூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1898 முதல் 1946 வரை பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் கையில் இருந்தது. குத்துச்சண்டை அங்கே வேரூன்றியது அமெரிக்கப் படைவீரர்களால். 1921-இல் அது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1923 ஜூன் 18 அன்று, நீக்ரோஸ் தீவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ கியெடோ என்ற இளைஞர் நியூயார்க்கில் ஜிம்மி வைல்டை வீழ்த்தி ஃப்ளைவெயிட் (சுமார் 51 கிலோ வரையிலான எடைப்பிரிவு) உலகப் பட்டத்தை வென்றார். மேடையில் அவர் பெயர் பாஞ்சோ வில்லா. இரண்டு ஆண்டுகள் கழித்து, பல்லில் வந்த நோய்த்தொற்று பரவி, சான் பிரான்சிஸ்கோவில் 23 வயதில் இறந்துபோனார்.

அவர் எந்த நாட்டுக்காரர்? அன்றைய சட்டப்படி அவர் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டவர், ஆனால் அமெரிக்கக் குடிமகன் அல்ல. அமெரிக்காவுக்குள் வரலாம், உழைக்கலாம், வாக்களிக்க முடியாது. அந்தக் காலத்தில் கலிஃபோர்னியாவின் வயல்களில் பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கச் சட்டம் தடை போட்டிருந்தது. 1934-இல் வந்த ஒரு சட்டம், ஆண்டுக்கு 50 பேர்தான் உள்ளே வரலாம் என்று கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. அப்படிப்பட்ட நாளில், தன் நிறத்தவன் ஒருவன் வெள்ளைக்காரனை எதிரே நின்று, சம விதிகளோடு, எல்லோரும் பார்க்கக் குத்தி வீழ்த்த முடிந்த இடம் அந்த மேடை ஒன்றுதான். வயல் கூலியில் மிச்சம் பிடித்து அவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒன்று புரியும். பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டையின் பெருமை மணிலாவில் மட்டும் வளரவில்லை. பாதி அமெரிக்காவில், புலம்பெயர்ந்தவர்கள் நடுவே வளர்ந்தது. ‘அமெரிக்காவில் வாழ்பவன் எப்படி நம்மவன்?’ என்ற கேள்வியை முதல் உலக வீரரிடமே கேட்டிருக்க வேண்டும்.

மேனி பாக்கியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிலிப்பைன்ஸ் மண்ணின் மைந்தர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பின்னாளில் நாடாளுமன்றம் போனார், செனட்டர் ஆனார், 2022-இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். ஆனால் 2001 முதல் அவர் பயிற்சி எடுத்தது ஹாலிவுட்டில், ஃப்ரெடி ரோச் என்ற அமெரிக்கரிடம். பெரிய சண்டைகளில் பெரும்பாலானவை லாஸ் வேகாஸில் நடந்தன. உழைப்பும் வருமானமும் கடல் தாண்டித்தான். இவருக்கு இல்லாத தடை டொனேருக்கு மட்டும் ஏன்?

‘டொனேருக்கும் விலோரியாவுக்கும் டகலோக் (மணிலா வட்டாரத்தின் மொழி, தேசிய மொழிக்கு அடிப்படை) சரளமாக வருமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. மொழி வராவிட்டால் உறவு இல்லை என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம். ஆனால் பிலிப்பைன்ஸில் 170-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. போஹோலிலும் ஜெனரல் சாண்டோஸிலும் வீட்டு மொழி டகலோக் அல்ல, செபுவானோவும் அதன் உறவு மொழிகளும். இலோகோஸில் இலோகானோ. மணிலாவைத் தாண்டினால் பள்ளிக்கூடத்தில் டகலோக் கற்றுக்கொண்டவர்களே அதிகம். டகலோக்கை அளவுகோலாக வைத்தால் உள்நாட்டிலேயே கோடிக்கணக்கானோர் வெளியே நிற்பார்கள். இந்தச் சோதனை நியாயமானதல்ல.

அடுத்த சந்தேகம் பணம் பற்றியது. ‘சீட்டு விற்பதற்காகத்தானே கொடி போர்த்துகிறார்கள்?’

ஓரளவு உண்மை. மறைக்க வேண்டியதில்லை. குத்துச்சண்டையை ஏற்பாடு செய்பவர்கள் ரசிகர்களின் ஊர்ப்பற்றை வைத்துத்தான் அரங்கை நிரப்புகிறார்கள். ஒரு பக்கம் மெக்சிகோ வம்சாவளி, மறுபக்கம் பிலிப்பைன்ஸ் வம்சாவளி என்றால் கலிஃபோர்னியாவில் அரங்கு நிறையும். ஆனால் பணம் வருகிறது என்பதாலேயே பாசம் பொய் ஆகிவிடாது. டொனேர் புகழ்பெற்றதே 2007 ஜூலை 7 அன்று, விக் டார்ச்சினியனை ஐந்தாவது சுற்றில் ஒரே இடது கைக் குத்தில் சாய்த்தபோது. டார்ச்சினியன் ஆர்மீனியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். முந்தைய ஆண்டு அவரிடம் தாடை உடைந்து தோற்றவர் டொனேரின் அண்ணன் கிளென். தாய்நாட்டை விட்டு வந்த இருவர், மூன்றாவது நாடொன்றின் மேடையில், அண்ணனுக்காக ஒரு தம்பி. இதில் கொடி எது, குடும்பம் எது, தொழில் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

எனக்கு வருத்தம் தருவது வேறு ஒன்று. வென்ற நாளில் ‘கபாபாயான்’ (நம் நாட்டுக்காரர்) என்று கட்டியணைப்பது, தோற்ற நாளில் ‘அவர் அமெரிக்காவில் வளர்ந்தவர்தானே’ என்று கைகழுவுவது. 2013 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு அடி விழுந்தது. ஏப்ரல் 6 அன்று மக்காவ் நகரில் விலோரியா தன் இரண்டு பட்டங்களை மெக்சிகோவின் எஸ்ட்ராடாவிடம் இழந்தார். ஏப்ரல் 13 அன்று நியூயார்க்கில் டொனேர் கியூபாவில் பிறந்த ரிகோண்டோவிடம் தோற்றார். ஒரு வாரத்தில் யாருடைய பிறப்புச் சான்றிதழும் மாறுவதில்லை. ரசிகரின் பேச்சு மட்டும் மாறினால், அதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

குடியுரிமையை உண்மையிலேயே மாற்றிக்கொண்டவரை என்ன செய்வது என்றும் கேட்கலாம். அதற்கும் பிலிப்பைன்ஸில் ஓர் உதாரணம் உண்டு, கோல்ஃப் ஆட்டத்தில். யூகா சாசோ, பிலிப்பைன்ஸ் தாய்க்கும் ஜப்பானியத் தந்தைக்கும் பிறந்தவர். 2021-இல் அமெரிக்க மகளிர் ஓப்பன் பட்டத்தை 19 வயதில் பிலிப்பைன்ஸுக்காக வென்றார். ஜப்பான் சட்டப்படி வயது வந்தவர் ஒரு குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் ஜப்பானைத் தேர்ந்தெடுத்தார். 2024-இல் அதே பட்டத்தை ஜப்பானுக்காக வென்றார். ரசிகர்களுக்கு மனம் நொந்தது இயல்பு. ஆனால் அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பாசக் குறைவு என்று சொல்வது அநியாயம். இரண்டில் ஒன்று என்று கேட்டது சட்டம்.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

உங்கள் வீட்டிலோ உறவிலோ யாராவது அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்தால், அவர்கள் பிள்ளை ஒருநாள் விளையாட்டில் பெரிய ஆளாக வரலாம். அப்போது இந்தக் கேள்வி உங்கள் கூடத்துக்கே வரும். இந்தியச் சட்டம் பிலிப்பைன்ஸ் சட்டம் போன்றதல்ல. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்ற அக்கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ அட்டை என்று ஒன்று தருகிறார்களே என்பீர்கள். பெயரில்தான் குடிமகன் இருக்கிறது. அது நீண்டகால விசா போன்ற சலுகை, குடியுரிமை அல்ல. அதை வைத்து வாக்களிக்க முடியாது. 2008-இல் மத்திய விளையாட்டு அமைச்சகம், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்தான் இந்தியாவுக்கு ஆடலாம் என்று முடிவெடுத்தது. ஜப்பானில் பிறந்த கால்பந்து வீரர் இசுமி அராட்டாவின் தந்தை இந்தியர். இந்தியாவுக்கு ஆட வேண்டும் என்பதற்காக அவர் ஜப்பானியக் குடியுரிமையை விட்டுவிட்டு இந்தியக் குடிமகனாகி, 2013-இல் இந்தியச் சட்டை அணிந்தார்.

அமெரிக்காவில் பிறந்த குழந்தைக்கு அந்நாட்டுக் கடவுச்சீட்டு எடுக்குமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிறந்த குழந்தையை இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்ய வேண்டுமானால், ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். இலங்கையில் நிலைமை வேறு. அங்கே விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெறலாம், ஆனால் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட முடியாது. மலேசியாவும் சிங்கப்பூரும் பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. எந்த நாட்டிலும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், அந்நாட்டுத் தூதரகத்தில் நேரடியாகக் கேட்டுத் தெளிவாவது நல்லது.

இனி அடுத்த முறை ஒரு குத்துச்சண்டையைப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது? ஒலிம்பிக் என்றால் மார்பில் உள்ள நாட்டின் பெயரைப் பாருங்கள். அது அந்த நாடு கொடுத்த இடம். தொழில்முறை என்றால் அவர் எந்தக் கொடியோடு நடந்து வருகிறார், எந்த ஊர்களைச் சொல்லச் சொல்கிறார் என்று கேளுங்கள். அது அவர் விருப்பம். இரண்டு ஊர் சொன்னால் இரண்டையும் நம்புங்கள்.

டொனேர் 2019 நவம்பரில் ஜப்பானின் சைத்தாமா நகரில் நவோயா இனோவேயிடம் பன்னிரண்டு சுற்று ஆடித் தோற்றார். அந்தச் சண்டையில் இனோவேயின் கண்குழி எலும்பு உடைந்தது. வென்றவருக்குத் தரும் கோப்பையைக் கொண்டுவருவதாக மகன்களிடம் சொல்லியிருந்ததால், வென்றவரிடமே அதை ஓர் இரவு கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிறகு 2021 மே மாதம், 38 வயதில், கலிஃபோர்னியாவில் நோர்டின் ஊபாலியை வீழ்த்தி மீண்டும் உலகப் பட்டம் வென்றார். பேண்டம்வெயிட் (சுமார் 53.5 கிலோ வரை) பிரிவில் அதுவரை அத்தனை வயதில் யாரும் பட்டம் வென்றதில்லை. 2022-இல் இனோவேயிடம் இரண்டாவது சுற்றிலேயே மீண்டும் தோற்றார்.

இப்படிப்பட்ட வீரர் ஒருவரை உங்களுக்குப் பிடித்திருந்தால், ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வென்ற இரவில் அவரை எந்தப் பெயர் சொல்லி அழைத்தீர்களோ, தோற்ற இரவிலும் அதே பெயர் சொல்லி அழையுங்கள்.